டெல்ஃபினுக்குக் கிடைத்த மீள்திறன் விருது

மணிலா நகரத்துப் பாசிக் ஆறு செத்துப் பல வருஷமாகிறது என்று படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மீன்களுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. டெல்ஃபினுக்கும் சொல்லவில்லை. அதனால் அவர் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் விடிந்ததும் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்துக்குக் கீழே இருக்கும் கரைச்சுவருக்குப் போய்விடுவார்.

அதற்கு முன்பு இருபத்தாறு வருஷம் ஜீப்னி என்கிற குட்டி பஸ் ஓட்டியவர். மணிலாவின் காற்று கெட்டுப்போனதற்கு அவருடைய ஜீப்னிதான் காரணம் என்று ஒரு நாள் கண்டுபிடித்தார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போனது. காற்றைக் கெடுக்காத தொழிலாகப் பார்த்து அவர் ஆற்றுக்கு வந்தார். ஆற்றைக் கெடுக்க அவருக்கு முன்பே பெரிய பெரிய ஆட்கள் வந்துவிட்டிருந்ததால், அந்தப் பழி மட்டும் அவர்மேல் விழவில்லை.

முதல் வீச்சில் மீன் வராது. ஷாம்பு பாக்கெட், சோப்புத்தூள் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, சில நாள் யாரோ ஒரு மகராசி கழற்றிப் போட்ட டயப்பர். இரண்டாம் வீச்சில் முதுகெல்லாம் கவசம் போட்ட கறுத்த ஜானிட்டர் மீன் வரும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யட்டும் என்று வாங்கியவர்கள், தொட்டிக்கு மேல் வளர்ந்ததும் ஆற்றில் கொட்டிவிட்டுப் போன ஜாதி அது. ஆற்றைப் பார்த்ததும் சுத்தம் செய்கிற வேலையை அது ராஜினாமா செய்துவிட்டது. மூன்றாவது, நான்காவது வீச்சில்தான் உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபிக் கெண்டை வரும். அதுதான் சாப்பாட்டு மீன்.

மீன் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சட்டிக்குப் போகாது. டெல்ஃபினின் மனைவி மேனா, குழாய்த் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் அதை மூன்று நாள் நீந்த விடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் தவக்காலம். மூன்று நாளுக்குப் பிறகும் மண்ணெண்ணெய் வாசம் அடித்தால், மனந்திரும்பாத பாவி என்று பூனைக்குப் போடுவாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். தேறியதை முறுகப் பொரித்து, வினிகரில் பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்டுத் தொட்டுக்கொள்ள வைப்பாள்.

கரைச்சுவரில் டெல்ஃபினுக்குப் பக்கத்து இடம் தூண்டில்காரர் சிசோவுடையது. டெல்ஃபினின் மகளுக்கு ஞானத்தந்தை அவர்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சிசோ தான் பிடித்ததை ஏரி மீன் என்று சொல்லி விற்பார். வாங்குகிறவர்களும் மலிவான விலையைக் கேட்டதும் ஏரியை நம்பிவிடுவார்கள்.

அவர்கள் சந்து கால்வாய்க் கரையில் இருந்தது. கால்வாய் ஆற்றில் விழுகிற இடத்தில் ஒரு மதகு. கடல் ஏறும்போது பாசிக் திரும்பி ஓடும். அப்போது மதகின் இரும்புக் கதவு தானாக மூடிக்கொண்டு ஆற்றை வெளியே நிறுத்த வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயலில் மிதந்து வந்த மரம் மோதிக் கீல் உடைந்து, கதவு சேற்றில் குப்புற விழுந்தது. அன்றிலிருந்து அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆறு தவறாமல் வீடுகளுக்குள் வந்துவிட்டுப் போனது. மேனா கைப்பட ஒரு மனு எழுதினாள். சந்தில் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள். பேட்டைத் தலைவர் ஒனோஃப்ரேயை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் அந்த மனுவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்த மனுவை யாரும் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆகஸ்ட் மழை வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்து சந்தில் இடுப்பளவு தண்ணீர். எங்கோ மீன் பண்ணைகள் உடைந்து, கொழுத்த ஜிலேபிக் கெண்டைகள் கூடைப்பந்து மைதானத்தில் திரிவதாகச் சிசோ வந்து சொன்னார். டெல்ஃபின் வலையோடு இறங்கினார். மைதானத்து நடுவில் நின்று வீசிய நேரம் பார்த்து டிவிக்காரர்கள் ரப்பர் படகில் வந்தார்கள். அதே நேரம் பார்த்து டெல்ஃபினின் வலது காலில் ஒரு ஆணி ஏறியது. வலியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்திரண்டையும் காட்டினார்.

அன்று சாயங்காலம் நாடு முழுவதும் அந்தப் பல்லைப் பார்த்தது. வெள்ளத்திலும் சிரிக்கும் மனிதர் என்றார்கள். எது வந்தாலும் கலங்காத நம் இனத்தின் முகம் இதுதான் என்று ஒரு செய்தி வாசிப்பாளர் கண் கலங்கினார். டெல்ஃபின் அப்போது சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசிக்காக வரிசையில் எழுபத்தோராவது ஆளாக நின்றிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரிய சோப்பு கம்பெனியின் அறக்கட்டளையிலிருந்து ட்ரிக்சி என்கிற பெண் வந்தாள். வெள்ளை ஷூ போட்டிருந்தாள். அதற்காகவே அவளைப் பார்த்து மேனாவுக்குப் பாவமாக இருந்தது. டெல்ஃபினுக்கு அந்த வருஷத்தின் மீள்திறன் விருது கொடுக்கப்போவதாக ட்ரிக்சி சொன்னாள். மீள்திறன் என்றால் என்ன என்று டெல்ஃபின் சிசோவைக் கேட்டார்.

"அடி வாங்கிட்டுச் சிரிக்கிறது பாரே. அடிக்கிறவனுக்கு மனசு கஷ்டமா இருக்கக்கூடாது பாரு, அதுக்கு."

விழா ஆற்றங்கரையிலேயே நடக்கும். டெல்ஃபின் வலை வீசி மீன் பிடிப்பார். சுற்றுச்சூழல் துறையின் துணைச் செயலாளர் அந்த மீனைச் சாப்பிட்டு, ஆறு உயிர்பெற்றுவிட்டது என்று அறிவிப்பார். பிறகு விருது. டெல்ஃபின் ஒரு நிமிஷம் பேசலாம். ட்ரிக்சி நல்ல பெண். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. டெல்ஃபினின் வலையில் முதல் வீச்சில் வருகிற பாக்கெட்டுகளில் பாதி அவளுடைய கம்பெனியுடையது என்று சொல்ல மேனா வாயெடுத்தாள். டெல்ஃபின் கண்ணால் தடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் பேச்சு. மேனா அதிகம் கேட்கவில்லை. துணி துவைத்துத் துவைத்து வெளுத்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மதகுக் கதவு என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும் என்றாள். அவர் தலையாட்டினார். மறுநாள் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்து, பெரிய மனிதர்கள் முன்னால் குறை சொன்னால் பேட்டைக்கே கெட்ட பெயர் என்றும், நன்றி என்கிற வார்த்தைக்கு ஈடே இல்லை என்றும் சொன்னார். டெல்ஃபின் அதற்கும் தலையாட்டினார்.

விழாவன்று காலை எட்டு மணிக்கு ஒரு குளிர்சாதன லாரி வந்து நின்றது. வலையில் ஒன்றும் சிக்காமல் போனால் மானம் போய்விடும் என்று கேப்டன்தான் யோசனை சொல்லியிருந்தார். பண்ணையிலிருந்து உயிரோடு கொண்டுவந்த அறுபது ஜிலேபிக் கெண்டைகளை, மேடைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் வலை கட்டி மறித்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். வெள்ளி மாதிரி மினுங்கின. டெல்ஃபின் தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான மீன்களை அந்த ஆற்றில் பார்த்ததில்லை. மீன்களும் அப்படியொரு ஆற்றைப் பார்த்ததில்லை.

துணைச் செயலாளர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். பிரார்த்தனை, தேசிய கீதம், பள்ளிப் பிள்ளைகளின் நடனம். நடனத்தின் பாதியில் முதல் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தது. பிறகு இரண்டு. வரவேற்புரை முடிவதற்குள் அறுபதும் வரிசையாக மிதந்தன. ட்ரிக்சி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தாள். அவர் இசையைக் கூட்டினார்.

டெல்ஃபினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்த மீன்மேல் வலை வீச அவருக்கு மனசு வரவில்லை. நாலு எட்டு தள்ளி, சாக்கடைக் குழாய் ஓரம், வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் போய் வீசினார். அன்றைக்கென்று பார்த்து முதல் வீச்சிலேயே கிடைத்தது: ஒரு முழ நீளத்துக்கு ஜானிட்டர் மீன், இரண்டு ஜிலேபிக் கெண்டை, ஆறேழு சோப்புத்தூள் பாக்கெட். மீன்கள் சேற்று நிறத்தில் இருந்தன. துள்ளின துள்ளலில் வலை கையை விட்டுப் போகப் பார்த்தது.

துணைச் செயலாளர் மேடை விளிம்புக்கு வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்த மீனெல்லாம் ஏன் செத்துக் கிடக்கு? இது மட்டும் எப்படி உயிரோட இருக்கு?"

"அது பண்ண மீனு சார், பழக்கம் இல்ல," என்றார் டெல்ஃபின். "நாங்க பழகிட்டோம்."

நாங்கள் என்று மீன்களையும் சேர்த்துத்தான் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு துணைச் செயலாளர் கைதட்டினார், இதுதான் மீள்திறன் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள்.

மீன் கூடாரத்துக்குப் பின்னால் போனது. கால் மணியில் எலுமிச்சைத் துண்டும் வாழையிலையுமாக வேறொரு மீன் தட்டில் வந்தது. ஒரு நட்சத்திர ஓட்டலின் சமையல்காரர் அதை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. துணைச் செயலாளர் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடி, நம் ஆற்றின் ருசி என்றார். டெல்ஃபினுக்கும் ஒரு தட்டு வந்தது. அவர் தலை, வால், முள் இடுக்கு எதையும் விடாமல் சாப்பிட்டார். ஆற்று மீன் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவருடைய ஒரு நிமிஷம் வந்தது. மைக் முன்னால் நின்றார். கீழே முதல் வரிசையில் கேப்டன். கடைசி வரிசையில், வெயிலில், துவைக்கிற வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்ற மேனா. டெல்ஃபின் வாயைத் திறந்தார். மதகு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கையில் கண்ணாடிக் கேடயம் கனத்தது, கேமரா விளக்கு கண்ணைக் குத்தியது. நன்றி என்றார். இன்னொரு முறையும் நன்றி என்றார். எல்லோருக்கும் நன்றி என்று சொல்லி இறங்கிவிட்டார்.

இறங்கும்போது பார்த்தார், மேனா நின்ற இடம் காலியாக இருந்தது. ஒரு வருஷத்துக்கான சோப்புத்தூள் பாக்கெட்டுகளை மூன்று பெட்டியாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றைத் தலையில் சுமந்து வீட்டுக்குப் போனார். மேனா சோறு போட்டாள், பேசவில்லை. வீட்டில் அந்த மௌனம் மூன்று வாரம் ஓடியது. ஆணி ஏறிய கால்கூட அதற்குள் ஆறிவிட்டது.

ஊர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. 'நாங்க பழகிட்டோம்' என்று பனியனில் அச்சடித்து விற்றார்கள். கரைச்சுவரில் டெல்ஃபினின் முகத்தை, அந்த ஆணிச் சிரிப்போடு, இருபது அடி உயரத்துக்கு வரைந்தார்கள். அறுபது மீன்கள் செத்ததைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியதால் துறை ஒரு குழு அமைத்தது. குழு நன்றாக ஆராய்ந்து, ஆற்றுத் தண்ணீர் மீன்களுக்கு நல்லதல்ல என்று கண்டுபிடித்தது. ஆகையால் இனி அந்தக் கரையில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. தண்ணீரை என்ன செய்வது என்று குழுவை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

மீன் பிடித்ததற்காக விருது வாங்கியவர் மீன் பிடிக்க முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று கேப்டனுக்கு உறைத்தது. டெல்ஃபினைக் கூப்பிட்டு ஆற்றுக் காவலர் வேலை கொடுத்தார். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டை, ஒரு விசில். வேலை, மீன் பிடிப்பவர்களைத் தடுப்பது.

டெல்ஃபின் மனசாட்சியோடு வேலை பார்த்தார். கரைக்குப் போகும் முன் பாலத்திலிருந்தே விசில் ஊத ஆரம்பிப்பார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லோரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, ஆற்றின் அழகை ரசிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சிசோ மட்டும் சுருட்ட மாட்டார்.

"பாரே, பின்னாடி உன் மூஞ்சி இருபது அடிக்குச் சிரிக்குது. முன்னாடி நீ வந்து விசில் ஊதுற. நான் யார் பேச்சக் கேக்கறது?"

அக்டோபரில் இரண்டு வெல்டிங்காரர்கள் வந்தார்கள். தடையை உறுதிப்படுத்தக் கரைச்சுவர் நெடுகக் கம்பி வேலி போடச் சொல்லி அவர்களை அனுப்பியிருந்தார்கள். மூத்தவர் கையில் ஒரு காகிதம், அதில் கம்பிகளின் கணக்கும் இடங்களும். மூன்றாம் நாள் மதியம் வேலை முடிகிற நிலை. வேலிக் கம்பிகளும் இரும்புப் பட்டைகளும் நிறைய மிஞ்சிக் கிடந்தன. தண்ணீர் இறங்கியிருந்தது, மதகுக்கு முன்னால் சேற்றில் கதவு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

டெல்ஃபின் வெகுநேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மூத்தவரிடம் போனார். இருபத்தாறு வருஷம் ஜீப்னி ஓட்டியதில் டிராபிக் போலீஸ்காரர்களிடம் சொன்ன சில்லறைப் பொய்களைத் தவிர அவர் பொய் சொன்னவரில்லை.

"மதகுக் கதவையும் மாட்டிட்டுப் போயிடுங்க. அதுவும் இந்த வேலைலதான் வருது."

"பேப்பர்ல இல்லையே."

"ஆபீஸ் பேப்பர்ல இருக்கு. இந்தக் கரைக்கு நான்தான் பொறுப்பு."

வெல்டிங்காரர் சட்டையைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தார்.

"அது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப சரி," என்று அவர் மதகைப் பார்க்க இறங்கினார்.

டெல்ஃபின் அன்றுதான் அந்த விசிலைப் பிரயோஜனமாக ஊதினார். சந்திலிருந்து பதினைந்து பேர் ஓடிவந்தார்கள். மூங்கில் கழி, லாரிக் கயிறு, சங்கிலிக் கப்பி எல்லாம் எங்கிருந்தோ வந்தன. தூண்டில் பிடித்தவர்கள் கயிறு பிடித்தார்கள். சிசோ மார்பளவு சேற்றில் நின்றுகொண்டு, கேப்டனின் முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டியபடி கதவுக்கு அடியில் தோள் கொடுத்தார். நாலரை மணிக்குத் தண்ணீர் திரும்பவும் ஏறத் தொடங்கியது. அதற்குள் இரண்டு கீல்களும் ஒட்டியாகிவிட்டது. கதவு ஒருமுறை கிறீச்சிட்டு, தானாக மூடிக்கொண்டது.

மேனா ஒரு பெரிய சட்டியில் பன்றி அடோபோக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வெல்டிங்காரர்களுக்குப் போட்டாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சேறு காய்ந்து வெளுத்த கணவனின் முகத்தைப் பார்த்து, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"ஏன்யா, மூணு வருஷமா இந்தப் பொய்யச் சொல்லத் தெரியலையா உனக்கு?"

"சட்டய இப்பத்தானே குடுத்தாங்க," என்றார் டெல்ஃபின்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சட்டியில் அடியில் கிடந்த கொழுப்புத் துண்டை அவர் தட்டில் வைத்தாள். அது போதும் என்று அவருக்கு இருந்தது.

கேப்டனுக்குச் செய்தி மறுநாள் காலை போனது. உத்தரவில்லாமல் வேலை நடந்துவிட்டதே என்று முதலில் பதறினார். மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். இரண்டு நாளில் மதகின்மேல் ஒரு பெரிய பேனர் ஏறியது. உங்கள் நீண்டநாள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. பேனரில் கேப்டன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டெல்ஃபினின் காவலர் வேலை டிசம்பரோடு முடிந்தது. நிதி தீர்ந்துவிட்டதாம். விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், சட்டையைக் கேட்க மறந்துவிட்டார்கள். வேலிக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு வீச்சுவலை போகிற அளவு இடைவெளி எப்படியோ இரண்டு இடத்தில் உண்டாகியிருந்தது. ஜனவரி பிறந்ததும் டெல்ஃபின் தன் பழைய இடத்தில், சாக்கடைக் குழாய் ஓரம், மறுபடி நின்றார்.

அதற்கெல்லாம் முன்பு, கதவு மாட்டிய பிறகு வந்த முதல் பௌர்ணமியன்று காலை, சந்தில் யாரும் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. எழுந்து தூக்கி வைக்க ஒன்றும் இல்லை. டெல்ஃபின் மட்டும் போய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பக்கம் ஆறு கழுத்துமட்டும் ஏறி, கதவை முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் கால்வாயில் கணுக்கால் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக, காய்ந்து இருந்தது. உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சும்மா தரையத் தேச்சிட்டு இருக்காத," என்றாள் மேனா, அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே. "போய் ரொட்டி வாங்கிட்டு வா. சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்து வாங்கு."

அவர் எழுந்து பேக்கரிக்குப் போனார்.